பனிச்சறுக்குக்கு விதி எழுதிய மெட்ராஸ்காரர்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மதுரையில் மாசி வெயில் உறைக்கத் தொடங்கும் பிப்ரவரியில், உலக ஆல்பைன் பனிச்சறுக்குச் சாம்பியன் போட்டி நடக்கிறது. நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் அதற்கு நாலு வரி கிடைத்தால் பெரிது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பனியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டுமே பார்க்கிற ஊர் இது. ஆனால் அந்தப் போட்டியின் அடிப்படை விதிகளை வகுத்து, 1931-ல் முதல் போட்டியை நடத்திக் காட்டிய ஆர்னால்ட் லன் பிறந்தது மெட்ராஸில், 1888-ல். வெள்ளைக்காரர் ஆட்சியில் மெட்ராஸில் பிறந்த ஆங்கிலேயர்கள் எத்தனையோ பேர், இவரும் ஒருவர் என்று விட்டுவிடலாம். நான் விடாததற்குக் காரணம், மெட்ராஸ் மிஷனரிகளைப் பற்றி அவருடைய அப்பா கிளப்பிய ஒரு சண்டை. அது இல்லாவிட்டால் மகன் ஆல்ப்ஸ் மலையில் வளர்ந்திருக்க வாய்ப்பே குறைவு.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். இதில் எல்லோரும் ஒன்றாக ஓடுவதில்லை. ஒவ்வொருவராக மேலிருந்து கிளம்புகிறார்கள். புறப்படும் இடத்தில் முழங்காலுக்குக் கீழே குறுக்காக ஒரு மெல்லிய கோல் இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு பாய்ந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். கீழே ஒரு ஒளிக்கதிரை உடல் மறித்ததும் நிற்கும். கணக்கு விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பெண்கள் டவுன்ஹில் ஓட்டத்தில் சுவிட்சர்லாந்தின் டொமினிக் கிசினும் ஸ்லொவேனியாவின் டினா மாஸேயும் 1 நிமிடம் 41.57 விநாடியில் வந்தார்கள். நூறில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லாததால் இருவருக்குமே தங்கம்.

டவுன்ஹில் என்பது வேகத்தின் எல்லை. ஆண்களுக்கான தடத்தில் மேலுக்கும் கீழுக்கும் உயர வித்தியாசம் 800 முதல் 1,100 மீட்டர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்து முக்கி முனகி ஏறுகிற மொத்த உயரத்தில் இது ஏறக்குறைய பாதி. அந்த உயரத்தை இவர்கள் இரண்டு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள், சில இடங்களில் மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில். ஸ்லாலம் அதற்கு நேர் எதிர். உயர வித்தியாசம் 200 மீட்டர்தான் இருக்கும். ஆனால் சிவப்பும் நீலமுமாக நட்ட கம்பங்களுக்கு இடையே, வளைந்து நெளிந்து, ஒரு வாசலைக்கூட விடாமல் இறங்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஓட்டம் செல்லாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஜெயன்ட் ஸ்லாலமும் சூப்பர்-ஜியும் பின்னால் வந்து சேர்ந்தன. முன்னது 1950-லும் பின்னது 1987-லும் உலகப் போட்டியில் இடம் பிடித்தன.

பனி என்றால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் என்பது சினிமாவில் பார்த்த நினைப்பு. பந்தயத் தடம் பஞ்சு அல்ல, பளிங்கு. பனிக்குள் தண்ணீரைப் பாய்ச்சி உறையவைத்து, ஏறக்குறைய பனிக்கட்டித் தளமாக ஆக்குகிறார்கள். வெயில் ஏறி மேல்பரப்பு இளகினால் உப்பைத் தூவுகிறார்கள். குல்பி வண்டிப் பானையில் ஐஸோடு உப்பைப் போட்டதும் உள்ளே பால் இறுகுகிறதே, அதே வேலைதான் அங்கும்: உப்பு மேற்பனியைக் கரைக்கிறது, கரைவதற்கான வெப்பத்தைக் கீழே இருக்கும் பனியிலிருந்து உறிஞ்சுகிறது, அடிப்பனி கெட்டிப்படுகிறது. இவ்வளவு செய்தும் தடம் தாங்காது. முன்னால் போகிறவர்களின் கூர்விளிம்புச் சறுக்குப் பலகைகள் ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளம் பறித்துவிடும். அதனால்தான் ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் போட்டிகளில் இரண்டு ஓட்டம் வைத்து, முதல் ஓட்டத்தில் முதல் முப்பது இடத்துக்குள் வந்தவர்களை இரண்டாவதில் தலைகீழ் வரிசையில் இறக்குகிறார்கள். முப்பதாவதாக வந்தவருக்குப் புதுத் தடம். முதலாவதாக வந்தவருக்குப் பள்ளம் விழுந்த தடம். இந்தத் தடக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இனி அப்பா கதை. ஹென்றி லன் மருத்துவம் படித்த மெதடிஸ்ட் மிஷனரி. 1887-ல் இந்தியாவுக்கு வந்து, மெட்ராஸுக்கு மேற்கே திருவள்ளூரில் பணியாற்றினார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. மறு ஆண்டே கைக்குழந்தை ஆர்னால்டோடு குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

சமவெளி வெயிலும் காய்ச்சலும் மிஷனரிகளை விரட்டிய கதை மதுரைக்குப் புதிதல்ல. 1834-ல் இங்கே வந்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் அடுத்தடுத்துச் சாவுகளைப் பார்த்தார்கள். முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரே போய் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். நம் பக்கத்து மலைவாசஸ்தலத்தைத் தொடங்கி வைத்தது ஆங்கிலேயக் கலெக்டர் அல்ல, மதுரையில் மதம் பரப்ப வந்த அமெரிக்கர்கள். அவர்கள் மலையேறினார்கள், ஹென்றி லன் ஊருக்குத் திரும்பினார்.

திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1889-ல் மெதடிஸ்ட் பத்திரிகையில் கட்டுரைகள் வெளியிட்டு, இந்தியாவில் மிஷனரிகள் ஆளும் வர்க்கத்தாரைப் போலச் சொகுசாக வாழ்கிறார்கள், தாங்கள் சேவை செய்ய வந்த மக்களிடமிருந்து விலகி நிற்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். மெட்ராஸ் மிஷனரிகள் கொதித்தார்கள். விசாரணை நடந்தது; தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. சபையில் அவருடைய எதிர்காலம் அதோடு முடிந்தது. பிரிந்து கிடக்கும் கிறித்தவச் சபைகளை ஒன்றுசேர்க்கிறேன் என்று 1892-ல் சுவிட்சர்லாந்தின் கிரின்டல்வால்ட் கிராமத்தில் மாநாடு கூட்டினார். சபைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் ஆட்களைத் திரட்டி, ரயில் டிக்கெட்டும் ஓட்டல் அறையும் மொத்தமாகப் பேசி எடுப்பதில் லாபம் இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. போதகர் பயண முகவரானார்.

கோடையில் மட்டும் திறந்திருந்த ஆல்ப்ஸ் ஓட்டல்களைக் குளிர்காலத்திலும் திறக்கவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். மூரென் கிராமத்துக்கு ஏறும் ரயிலைக் குளிர்காலத்தில் ஓடவைத்ததும் அவர்தான். விருந்தாளிகளைப் பிடிக்க ஒரு சங்கம் தொடங்கினார். உயர்குடிப் பள்ளியில் படித்தவர்கள், பல்கலைக்கழகத்தார், ராணுவ அதிகாரிகள் போன்றவர்களுக்கே அதில் இடம். மிஷனரிகள் மக்களிடமிருந்து விலகி வாழ்கிறார்கள் என்று பொறுப்பைப் பறிகொடுக்கும் அளவுக்குச் சண்டை போட்ட மனிதர், விலகி வாழ்வதையே விற்பனைப் பொருளாக்கிப் பிழைத்தார். அவரைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். சபை கைவிட்டவருக்குக் குடும்பம் இருந்தது. ஆனாலும் திருவள்ளூரை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மகன் ஆர்னால்ட் இந்த ஓட்டல்களில் வளர்ந்தவர். 1909-ல் வேல்ஸ் மலை ஒன்றில் பாறையோடு விழுந்து கால் நொறுங்கியது; ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. அதோடு ஒதுங்கியிருக்கலாம். 1911 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் கீழ்நோக்கிய பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்றை ஏற்பாடு செய்தார். அன்றைக்கு மேலே தூக்கிப்போகும் கம்பிவண்டி கிடையாது. ஓடுகிறவர்கள் முதல் நாளே மலையேறி, குடிசையில் படுத்திருந்து, மறுநாள் பனியாற்றின் மேலிருந்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அந்த மொன்டானா இன்று கிரான்ஸ்-மொன்டானா. 2027 உலகப் போட்டிக்குத் தேர்வான இடமும் அதுவே.

1911 பந்தயத்துக்குக் கோப்பை கொடுத்தவர் கந்தஹாரின் ராபர்ட்ஸ் பிரபு. 1880-ல் காபூலிலிருந்து கந்தஹாருக்குப் படையோடு நடந்து பெயர் பெற்ற தளபதி. நமக்கு அவரை வேறு வகையில் தெரிந்திருக்க வேண்டும். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்து, மெட்ராஸ் சிப்பாய்களைப் பார்த்து, இவர்கள் போருக்கு லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்தவர் அவர். நீண்ட அமைதியில் தெற்கத்தியாரின் போர்க்குணம் மங்கிவிட்டது என்று எண்ணினார். பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைவரானபோது ஆள் சேர்ப்பை வடக்கு நோக்கித் திருப்பினார். இந்தப் பிறவிக் கணக்கு எவ்வளவு பொய் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். 2016 பிப்ரவரி 3-ல், சியாச்சினில் 19,000 அடிக்கும் மேலே இருந்த காவல்சாவடியைப் பனிச்சரிவு மூடியபோது அதற்குள் இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர். அவர்களில் மதுரை மாவட்டத்துக்காரர் ஒருவரும் உண்டு, தேனிக்காரர் ஒருவரும் உண்டு. யாரும் பிழைக்கவில்லை.

ராபர்ட்ஸ் பிறப்பை வைத்து ஆளை எடை போட்டார். அவர் பெயர் தாங்கிய கோப்பையோ கடிகாரத்தை வைத்து எடை போட்டது. ஆர்னால்ட் லன்னின் உண்மையான சாதனை இந்தக் கடிகாரம்தான். அதற்கு முன் ஸ்லாலத்தில் திருப்பத்தின் அழகுக்கும் மதிப்பெண் போடும் வழக்கம் இருந்தது. அழகு யாருடைய கண்ணுக்கு? நடுவரின் கண்ணுக்கு. 1922 ஜனவரியில் மூரெனில் அவர் கொடிகளை ஜோடி ஜோடியாக நட்டு வாசல்களாக்கினார். வாசல்களின் ஊடே யார் குறைந்த நேரத்தில் இறங்குகிறாரோ அவரே வென்றவர். எப்படி இறங்கினார் என்று யாரும் கேட்கக் கூடாது. இன்றைய ஸ்லாலம் அந்த நாளிலிருந்து பெரிதாக மாறவில்லை.

உலகம் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பனிச்சறுக்கு தங்கள் சொத்து என்று எண்ணிய நார்வேக்காரர்களுக்கு நெடுந்தூர ஓட்டமும் தாவலும்தான் ஆட்டம். மலையிலிருந்து வெறுமனே இறங்குவதில் என்ன வீரம் என்றார்கள். லன் விடவில்லை. 1924-ல் மூரெனில் கந்தஹார் கிளப்பைத் தொடங்கினார். 1928-ல் ஆஸ்திரியப் பயிற்சியாளர் ஹன்னஸ் ஷ்னைடரோடு சேர்ந்து ஆர்ல்பர்க்-கந்தஹார் பந்தயத்தை நிறுவினார். 1930-ல் ஆஸ்லோவில் கூடிய சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு இறங்கிவந்தது. 1931 பிப்ரவரியில் மூரெனில் முதல் உலகப் போட்டி நடந்தது. அதில் பெண்களும் ஓடினார்கள். பிரிட்டனின் எஸ்மி மெக்கின்னன் டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டையும் வென்றார். 1936-ல் இந்த ஆட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. டவுன்ஹில் பகுதியில் ஆண்களிலும் பெண்களிலும் முதலில் வந்தவர்கள் நார்வேக்காரர்களே.

ஆக, கடிகாரம் எல்லோருக்கும் ஒன்று. தடம் அப்படி இல்லை. யார் எத்தனையாவதாகக் கிளம்புவது என்பதைத் தரவரிசைப் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. முன்னணி வீரர்கள் முதலில் இறங்க, பின்வரிசைக்காரருக்கு எஞ்சுவது பள்ளம் விழுந்த மலை. முப்பதைத் தலைகீழாக்கும் சலுகை அவ்வளவு தூரம் எட்டாது. புள்ளிகளை மேம்படுத்தலாம்தான். ஆனால் வலுவான வீரர்கள் கலந்துகொள்ளும் பந்தயத்தில் ஓடினால்தான் நல்ல புள்ளி கிடைக்கும். காஷ்மீரின் குல்மர்க்கில் இந்தியர்களே ஒருவரோடொருவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் புள்ளி அசையாது. ஐரோப்பாவுக்குப் போக வேண்டும்; குளிர்காலம் முழுக்க அங்கே தங்க வேண்டும்; பயிற்சியாளர் வேண்டும்; சறுக்குப் பலகைகளும் ஒரு ஜோடி போதாது.

1988 கால்கரி ஒலிம்பிக் ஸ்லாலத்தில் ஓடி 28-ஆம் இடம் பெற்ற ஷைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியப் பெண். காஷ்மீரின் ஆரிப் கான், குல்மர்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகன். பனி அவருக்கு வாசலிலேயே கிடந்தது. இருந்தும் 2018 ஒலிம்பிக்குக்கு முன், வெளிநாட்டுத் தகுதிப் பந்தயங்களுக்கான செலவைத் திரட்ட முடியாமல் வாய்ப்பை இழந்தார். நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங்கில் இந்திய அணி என்பது அவர் ஒருவர்தான். ஜெயன்ட் ஸ்லாலம் நடந்த நாளில் கடும் பனிப்பொழிவு. கிளம்பியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முடிக்கவில்லை. பின்வரிசை எண்ணோடு இறங்கிய ஆரிப் இரண்டு ஓட்டத்தையும் முடித்து 45-ஆவதாக வந்தார். சில நாள் கழித்து ஸ்லாலத்தில், முதல் ஓட்டத்திலேயே ஒரு வாசல் தவறிவிட்டது.