குடம் சுமந்த காலம்

பல்லாண்டு வகித்த பதவியை ஒருநாள் இழந்து நிற்பவன் முதலில் இழப்பது ஊதியத்தை. அடுத்து அவன் இழப்பது, ‘நீ யார்?’ என்று பிறர் வினவுங்கால் அதுவரை எளிதாகக் கூறிவந்த விடையை. முதல் இழப்பை உற்றாரும் உறவினரும் ஓரளவு தாங்குவர். இரண்டாவதை அவனே ஈடுசெய்தாக வேண்டும். அஃது எங்ஙனம் இயலும்?

இவ்வினாவுக்கு எம்பெருமானாரின் இளமைப் பருவம் விடை தருகின்றது. 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த அவர், யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். எம்பெருமானின் திருக்கண்களுக்கு ஆசிரியர் தகாத உவமை கூறக் கேட்டு அவர் கண்ணீர் உகுத்ததை அன்பர்கள் அறிவர். கருத்து வேற்றுமை முற்றவே, இனி இங்கு வரவேண்டா என விலக்கப்பட்டார். கல்வியையே வாழ்வாகக் கொண்ட இளைஞருக்கு இது சிறு வீழ்ச்சியன்று.

அவர் திருக்கச்சி நம்பிகளை நாடினார். நம்பிகள் வாதம் புரிந்து புகழ் பெற்றவரல்லர். பேரருளாளனுக்குத் திருவாலவட்டம் வீசியவர். அவர் புதிய பாடசாலை எதனையும் காட்டவில்லை. நாள்தோறும் சாலைக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தீர்த்தம் கொணர்க என்றார். இராமாநுசரும் அவ்வாறே செய்தார்.

பின்வந்த பெருமையை அறிந்த நாம், அக்குடத்தை உயர்வுக்கு ஒரு படி என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். சுமந்தவருக்கு அஃது அன்று தெரியாது. ஆளவந்தாரின் திருவுள்ளப்படி பெரிய நம்பிகள் அவரை அழைக்க வந்தபோதும், அவர் தோளில் குடமே இருந்தது. ஆவலோடு திருவரங்கம் விரைந்தார். அங்கே ஆளவந்தார் பரமபதித்திருக்கக் கண்டார். இரண்டாம் முறையும் நம்பிக்கை முறிந்தது. காஞ்சிக்கு மீண்டவர் என் செய்தார்? மறுபடியும் அக்குடத்தையே எடுத்தார். பலன் தரும் என்று கணக்கிட்டுச் செய்த பணியாயின், அன்றே அதனைக் கைவிட்டிருப்பார்.

பசித்த குடும்பத்தை உடையவனுக்கு இவையெல்லாம் வெறும் ஆறுதல் மொழிகள் அன்றோ எனலாம். அவ்வையம் நியாயமானதே. வேறு வேலை தேடவேண்டா என்பது இதன் கருத்தன்று; தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை நன்மையென்று போற்றவும் வேண்டா. ஊதியம் தேடும் நாட்களிலும், பிறர்க்குப் பயன்படும் ஒரு சிறு பணியை நாள் தவறாது செய்க என்பதே இங்குக் கூறுவது. அண்டை வீட்டுச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித்தரலாம். முதியவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்னும் எண்ணம் உள்ளத்தில் வேரூன்ற அப்பணி இடந்தராது.

இவ்வாறு வளர்ந்த உள்ளத்திற்கு ஓர் அடையாளமும் உண்டு. தம்மை விலக்கிய அதே யாதவப்பிரகாசர் பின்னாளில் தம் திருவடியை நாடி வந்தபோது, இராமாநுசர் பழைய வழக்கை எடுக்கவில்லை. கோவிந்த ஜீயர் என்னும் திருநாமமிட்டு ஏற்றுக்கொண்டார். இழந்த இடத்தை மீண்டும் பெறுதல் ஒரு வெற்றிதான். இழக்கச் செய்தவரிடம் மனக்கசப்பின்றி நிற்பது அதனினும் அரிது.

இவ்விழாவில் திருமஞ்சனக் குடம் வரக் காணும்போது, அன்பர்கள் அதனைச் சுமந்து வருபவரையும் ஒருகணம் நோக்குவார்களாக.