யார் சாவு எந்தக் கணக்கில்?

பெரியப்பா செத்தப்போ ஆஸ்பத்திரிச் சீட்டில் மூச்சுத்திணறல் என்று எழுதிக் கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் ஒரு அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் கூலியாகச் சாம்பல் வாரியவர். சாம்பல் என்ற சொல் அந்தச் சீட்டில் இல்லை. நிலையத்தின் பதிவேட்டில் அவரே இல்லை; அவர் பெயர் இருந்தது மேஸ்திரியின் நோட்டில்தான்.

இதை இப்போது எழுத வைத்தது நண்பர் ஒருவரின் வாதம். அணு உலையை எதிர்ப்பது அறியாமை என்பது அவர் கட்சி. நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 25 பேரைக் கொல்கிறது, அணு 0.03 பேரைத்தான், 1986 செர்னோபிலையும் 2011 புகுஷிமாவையும் சேர்த்தே இந்தக் கணக்கு என்றார். நான் அதை மறுக்கப்போவதில்லை. நிலக்கரிச் சாவில் பெரும்பகுதி நுண்துகள் நெஞ்சில் இறங்கி மெல்ல வருகிற சாவு. படுத்தால் மூச்சு முட்டும் என்று ராத்திரி பூரா திண்ணையில் உட்கார்ந்தே தூங்கிய மனுஷனைப் பார்த்தவன் நான். அணு உலை என்றால் கொதிக்கிற நம் தோழர்கள் பலர் அனல்மின் நிலையம் என்றால் சும்மா இருப்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல்.

ஏன் அப்படி? கசந்தாலும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் யார் வீட்டுக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். எண்ணூரில் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தபோது, ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் வீட்டில்தான் உலை ஏறவில்லை. மயிலாப்பூரில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கதிர்வீச்சு அப்படியல்ல. காற்று திரும்பினால் ஊர்த்தெருவுக்கும் வரும். சேரியோடு நிற்காத ஆபத்துதான் இந்த நாட்டில் ஆபத்து என்று பெயர் வாங்குகிறது. (இடிந்தகரைப் பெண்களை இதில் சேர்க்கவில்லை. உலையின் வாசலிலேயே குடியிருப்பவர்கள் அவர்கள். 2012 செப்டம்பரில் கடற்கரையில் தடியடி வாங்கியவர்கள்.)

அதற்காக நண்பரின் கணக்கோடு போய்விடவும் முடியவில்லை. எத்தனை பேர் என்று சொல்கிற கணக்கு, யார் என்று சொல்வதில்லை. செர்னோபிலைச் சுத்தம் பண்ண சுமார் 6 லட்சம் பேரை இறக்கினார்கள். புகுஷிமாவில் காண்ட்ராக்டுக்குள் காண்ட்ராக்டாகத் தினக்கூலிகளைக் கொண்டுவந்தார்கள். இங்கே 2010இல் வந்த அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் உலையை நடத்துகிறவரின் பொறுப்புக்கு 1500 கோடி ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. விபத்து நடக்கவே நடக்காது என்று சொன்னவர்கள்தான் அந்த வரம்பையும் கட்டினார்கள். நிலக்கரியா அணுவா என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில் பெரியப்பா மாதிரி ஒருவரை எப்போதாவது உட்காரவைத்திருக்கிறார்களா?

பெரியப்பா மகன், அண்ணன், இப்போது ஓர் அணுமின் நிலையத்தில் காண்ட்ராக்டில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவனிடம் நண்பரின் கணக்கைச் சொன்னேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. அங்க பேட்ஜ் மாட்டிவிடறாங்கடா. எவ்ளோ பட்டுச்சுன்னு எழுதி வைக்கிறாங்க. அப்பாவுக்கு யாரு எழுதினா?"

என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நோட்டை உனக்குக் காட்டுவாங்களாண்ணே?" என்றேன்.

"கேட்டதில்ல" என்றான். "கேட்டா அடுத்த மாசம் கூப்புட மாட்டாங்க."