மாறிலியும் மாறும் அறிவும்

சேவூரில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் ஜக்கார்டு அட்டைகளைக் காணலாம். அட்டையில் இட்ட துளை மாறாது. நூலின் நிறம் மாறினும் அதே பூவே கரையில் விழும். விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், கணினி பயில்பவன், "தாத்தா, எங்கள் நிரலில் வரும் மாறிலியும் இத்தகையதே" என்றான். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பை அளித்து, இனி இதனை மாற்றலாகாது என்று நிரல் எழுதுவோர் விதித்துவிடுவராம். ஆயினும் ஜாவாஸ்கிரிப்டு மொழியில் ஒரு பட்டியலை அவ்வாறு விதித்தால், பெயர் அப்பட்டியலையே சுட்டி நிற்கும். உள்ளிருப்பவை சேரவும் நீங்கவும் தடையில்லை. தோன்றல், அழிதல், நிலைத்தல் மூன்றும் ஒருங்கே உடையதே பொருள் என்னும் தத்துவார்த்த சூத்திரக் கருத்து என் நினைவிற்கு வந்தது. ஒப்புமை அவ்வளவே, நிரலின் நிலைபேறு மனிதன் செய்துகொண்ட ஏற்பாடு.

அறிவியலிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983இல் மீட்டரையே இவ்வெண்ணைக் கொண்டு வரையறுத்துவிட்டமையால், இனி இதனை அளந்து திருத்த வேண்டுவதில்லை. வேகம் இயற்கையினது, எண் நம்முடையது.

வட்டத்தின் சுற்றளவிற்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதமோ எந்த மாநாட்டிற்கும் கட்டுப்படாது. அது 3.14159 என நீண்டு செல்வது. நம் முன்னோர் அதனைப் பத்தின் வர்க்கமூலமாக, அதாவது 3.162 ஆகக் கொண்டனர். ஆதலின் ஓர் இலட்சம் யோசனை விட்டமுடைய ஜம்புத்வீபத்தின் சுற்றளவு 3,16,227 யோசனைக்குச் சற்று மிகுதி எனத் திலோயபண்ணத்தி கூறும். பேரன் கணக்கிட்டுப் பார்த்தான்; 3,14,159 வந்தது. "அப்படியானால் நூல் தவறா?" என்றான்.

உடனே விடை கூற இயலவில்லை. முன்னோர் மொழியில் பிழையே இராது என்று அவன் வாயை அடைத்திருக்கலாம். பழங்கணக்கு, விட்டுத்தள்ளு என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் எளியவை, இரண்டிலும் உண்மைக்கு இடமில்லை. அப்போதுதான் தவளை என்னும் பேருரை செய்த வீரசேன ஆசாரியர் நினைவிற்கு வந்தார். விட்டத்தைப் பதினாறால் பெருக்கி, பதினாறு கூட்டி, 113ஆல் வகுத்து, விட்டத்தின் மும்மடங்கோடு சேர்க்க என்பது அவர் தரும் விதி. (கூட்டும் அந்தப் பதினாறு சிறு வட்டங்களில் கணக்கைக் கெடுக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.) ஜம்புத்வீபத்திற்கு அவ்விதியை இட்டுப் பார்த்தோம்: 3,14,159 யோசனையும் அரைக்குச் சற்றுக் குறைவும்!

விகிதம் அன்றும் இன்றும் ஒன்றே. அதனை அறிந்த அறிவே படிப்படியாகத் தெளிந்தது. அத்தெளிவிற்கு நம் ஆசாரியர் ஒருவரும் கைகொடுத்திருக்கிறார். எந்தப் பின்னமும் அவ்விகிதத்தை முற்றும் எட்டாது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் லாம்பர்ட் நிறுவினார்.

"பழைய எண்ணை அடித்துவிடலாமா?" என்றான் பேரன். வேண்டா என்றேன். என் குறிப்பேட்டில் 3,16,227 என்றிருந்த வரியின் கீழே, புதிய எண்ணையும் வீரசேனர் பெயரையும் அவன் கையாலேயே எழுதச் செய்தேன்.