பரதேச வாசமும் பரிவும்



உத்ஸவ காலங்களில் ஸந்நிதிக்கு வரும் பெரியோர் பலரிடம் இந்நாளில் ஒரு பொதுவான கவலையைக் காண்கிறோம். பிள்ளையோ பெண்ணோ மேல்படிப்புக்காகக் கடல் கடந்து போயிருக்கிறது. படிப்பில் குறைவில்லை. ஆயினும் பேசும்போதெல்லாம் கெட்டித் தயிர் கிடைக்கவில்லை, தலைக்கு எண்ணெய் வைத்துவிட ஆளில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பாரில்லை என்று சிறு சிறு விஷயங்களையே சொல்லி ஏங்குகிறது. பெற்றோரில் சிலர், 'சோற்றுக்கு ஏங்குவதற்கா இவ்வளவு செலவு செய்து அனுப்பினோம்?' என்று கடிந்துகொள்கிறார்கள். உபந்யாஸகர்களிலும் சிலர், நாவை வெல்லாதவன் வேறெதை வெல்லப் போகிறான் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இந்திரிய நிக்ரஹம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெருஞ்சொல்லை இங்கே எடுத்தாள்வது பொருந்துமா என்பதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

கும்பகோணத்தில் சார்ங்கபாணி ஸந்நிதித் தெருவில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் என்னும் கணித மேதையை அறியாதவர் இல்லை. அவருடைய குடும்பத்தார் நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர்கள். கடல் கடப்பதைப் பெரும் ஆசாரக் குறைவாகக் கருதிய காலம் அது. தாயாரின் அநுமதி கனவில் கிடைத்ததாக அன்னை கோமளத்தம்மாள் கொண்ட பின்பே தடை நீங்கியது என்பர். 1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் அவர் சென்னையில் கப்பலேறினார். புறப்படுமுன் குடுமியைக் களைய வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தைக் கண்டு வருந்தாதிருக்கும்படி அன்னையையும் மனைவியையும் முன்கூட்டியே ஊருக்கு அனுப்பிவிட்டார்.

எந்த ஸந்நிதியின் வாசலில் வளர்ந்தாரோ அந்தப் பெருமாளுக்கு ஆராவமுதன் என்று திருநாமம். பருகப் பருகத் தெவிட்டாத அமுதம் என்று பொருள். அத்தெருவிலிருந்து போனவருக்குக் கேம்பிரிட்ஜில் முதலில் துன்பம் தந்தவை என்ன? கணிதம் அன்று. வெறுங்காலும் செருப்புமாய் நடந்து பழகிய பாதங்களை அந்நாட்டுப் பாதரக்ஷை வதைத்தது. உப்பும் காரமும் அறியாத சமையல் தொண்டையில் இறங்கவில்லை. திரித்துவக் கல்லூரியின் பெரிய போஜன சாலையைத் தவிர்த்து, தம் அறையிலேயே சிறு அடுப்பு வைத்துக்கொண்டு, தாமே சமைத்து உண்டார். அந்த ஆகஸ்ட் மாதத்தில் மகாயுத்தம் மூண்டது. நாளடைவில் காய்கறி கிடைப்பதே அரிதாயிற்று. தமக்கு வேண்டுவது ஒன்றுமில்லை, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்த வெறுஞ்சோறே எத்தனை நாளைக்கும் போதும் என்ற கருத்துப்பட 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நண்பருக்கு எழுதினார். நாவை வென்றுவிட்டார் என்று உபந்யாஸகர் மகிழலாம். கடிதத்தைப் பெற்ற வீட்டார் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மஹலநோபிஸ் அப்போது அங்கே மாணவராக இருந்தார். இரவில் குளிர் தாங்கவில்லை, மேலங்கியை அணிந்து சால்வையும் போர்த்துக்கொண்டுதான் உறங்குகிறேன் என்று ராமாநுஜன் சொன்னதைக் கேட்டு, கம்பளி இல்லையோ என்று படுக்கை அறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன! அந்நாட்டு வழக்கப்படி மெத்தையின் அடியில் செருகி மேலே விரிப்பு விரித்திருந்தபடியால், அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது நம்மவருக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். நண்பர் அதை விலக்கிக் காட்டினார். இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நம் வீட்டில் பாய் விரித்துப் போர்வையை அருகில் வைக்க ஒரு கை இருக்கிறது. அந்தக் கை இல்லாத இடத்தில், உடலுக்கு அடியிலேயே கம்பளி இருந்தும் ஒருவன் குளிரில் கிடக்கிறான்.

கார்த்திகை மாதத்துச் சுக்ல பக்ஷக் கைசிக ஏகாதசியன்று திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை வஸ்திரங்களைச் சாற்றுகிறார்கள் என்பதை ஸேவித்தவர் அறிவர். அகிலத்தையும் படைத்தவனுக்குக் குளிருமா என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. குளிருமே என்று பரிகிறோம். எம்பெருமானுக்கே பரிகிற நாம், பனியில் தனித்துக் கிடக்கும் பிள்ளை 'குளிர்கிறது' என்றால் வைராக்கியம் போதிக்கலாமோ?

ராமாநுஜன் சரித்திரத்தில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. ஒரு நாள் இந்திய நண்பரையும் உடன் வந்த பெண்மணிகள் இருவரையும் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்துத் தம் கையால் சமைத்துப் பரிமாறினார். ரசத்தை ஒரு முறைக்கு இரு முறை கேட்டு உண்டார்கள். மூன்றாம் முறை வார்க்க வந்தபோது பெண்மணிகள் போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் அவர் அறையில் இல்லை. சொல்லாமலே வெளியேறிவிட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்த பிறகே இருக்குமிடம் தெரிந்தது. தாம் இட்டதை அவர்கள் ஏற்காதது மனத்தைப் புண்படுத்திவிட்டது என்றாராம். அற்பத்துக்கு இவ்வளவு கோபமா என்று தோன்றும். ஆனால் அவர் இழந்து தவித்தது ரசத்தை அன்று. அதைத்தான் அவரே சமைத்துக்கொண்டிருந்தாரே! பந்தியில் இலை போட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடாமல் இட்டு, இட்டதை உண்டவர் முகம் மலரக் காணும் ததீயாராதனச் சுகத்தை அல்லவா அவர் தேடியிருக்கிறார்? ஏங்குகிற பிள்ளைகளும் பண்டத்தை மட்டும் கேட்கவில்லை. பொடியும் வடுமாங்காயும் இன்று எந்தத் தேசத்துக் கடையிலும் கிடைக்கக்கூடும். இடுவாரும் ஏற்பாரும் கடையில் கிடைப்பதில்லை.

கண்ணன் குசேலரிடமிருந்து அவல் முடிப்பைப் பறித்து உண்டதன் அருமை இங்கேதான் விளங்குகிறது. த்வாரகையில் அவலுக்கா பஞ்சம்? அந்த எம்பெருமானும் ஊரைவிட்டுப் போய்ப் படித்தவனே. அவந்தியில் ஸாந்தீபினி முனிவரிடம் குருகுலவாஸம் செய்தான். நெடுநாள் கழித்துக் குசேலரைக் கண்டபோது அறுபத்து நான்கு கலைகளைப் பற்றியா பேசினான்? குருபத்னிக்காக விறகு பொறுக்கக் காட்டுக்குப் போனதையும், அகாலத்தில் பெருமழை பிடித்ததையும், இருட்டில் வழி தெரியாமல் கைகோத்துக்கொண்டு இருவரும் நனைந்து நின்றதையும், பொழுது விடிந்ததும் ஆசாரியனே தேடிக்கொண்டு வந்ததையும் நினைவூட்டினான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். தேடி வந்தாரே, அது மறக்கவில்லை.

ராமாநுஜனை 1917-இல் நோய் பற்றியது. உணவுக் குறைவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. க்ஷயம் என்று அன்று எண்ணினார்கள். ஈரலைப் பற்றிய அமீபா நோயாயிருக்கலாம் என்று 1994-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கருதுகிறது. 1918-இல் ராயல் ஸொஸைடியின் உறுப்பினர் என்ற பெரும் பட்டம் பெற்றவர், 1919-இல் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் தமது 32-ஆம் வயதில் திருநாடு அலங்கரித்தார்.

வீட்டைப் பிரிந்திருப்பதன் துயரை நம்பெருமாளே அநுபவித்துக் காட்டியிருக்கிறார். 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது பிள்ளைலோகாசாரியர் அவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தென்திசை போனார்; ஜ்யோதிஷ்குடியில் ஆசாரியர் திருநாடு எய்தினார். மலையாள தேசம், மேல்நாடு, திருமலை என்று அலைந்து 1371-இல் பெருமாள் திருவரங்கம் திரும்பியபோது 48 ஆண்டுகள் கடந்திருந்தன. இடையில் வேறொரு திருமேனியை எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். பழைய பெருமாள் யார் என்று துணிந்து சொல்லப் பண்டு ஸேவித்தவர் எவரும் எஞ்சவில்லை. அப்போது கண் பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர் முன்வந்தார். பெருமாளுடைய திருப்பரிவட்டங்களை இளமையில் துவைத்தவர் அவர். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த வஸ்திரத்தைப் பிழிந்த நீரை எனக்குத் தாருங்கள் என்றார். ஒன்றைப் பருகினார்; மற்றொன்றையும் பருகினார். பழகிய கஸ்தூரி மணம் நாவில் பட்டதும், 'இவரே நம்பெருமாள்!' என்று கூவினாராம். சாஸ்திரம் வல்லாருக்குத் தெரியாதது வஸ்திரம் துவைத்தவருக்குத் தெரிந்தது. அவர் வாயிலிருந்து வந்த திருநாமத்தாலேயே இன்றும் அழைக்கிறோம். ஈரவாடைத் தீர்த்தம் என்று அதைத் திருவரங்கத்தில் இப்போதும் ஸாதிக்கிறார்கள்.