கோடு கீறும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பிளாஸ்டிக் மாதிரி விமானத்தின் பாகங்களை ஒட்டி முடித்தால் வேலையில் பாதிதான் முடிந்தது. இறக்கையிலும் உடலிலும் ஓடும், தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பேனல் கோடுகளும் ரிவெட் புள்ளிகளும் சீராக அமைந்தால்தான் பிளாஸ்டிக், உலோகத் தகடாகத் தோன்றும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1/72 அளவு மாதிரியில் 1 மி.மீ. என்பது நிஜ விமானத்தில் 72 மி.மீ. கோடு 0.2 மி.மீ. அகலம் இருந்தால், உண்மை விமானத்தில் இரு தகடுகளுக்கு நடுவே சுமார் 14 மி.மீ. இடைவெளி என்று ஆகிறது. அதில் விரலையே நுழைக்கலாம். அளவுக்கு மிகச் சரியாகக் கீறினாலோ பெயின்ட் அதை மூடிவிடும். ஆகவே, பெயின்டுக்குப் பிறகும் தெரிகிற மிக மெல்லிய கோடே நமக்கு வேண்டியது.

பழைய கிட்கள் பலவற்றில் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். எஃகு அச்சில் ஒரு கோட்டைக் கீறிவிட்டால் பிளாஸ்டிக்கில் அது மேடாக வந்துவிடும், இது எளிது. பிளாஸ்டிக்கில் பள்ளம் வேண்டுமானால், அச்சில் மெல்லிய வரம்பை நிறுத்திச் சுற்றிலும் செதுக்கி எடுக்க வேண்டும். மேட்டுக் கோட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு: உடலின் இரு பாதிகளும் சேரும் இணைப்பைத் தேய்க்கும்போது அங்குள்ள கோடுகளும் அழிந்துபோகும்.

அதனால்தான் கோடுகளைப் புதிதாகக் கீறுகிறார்கள். மேட்டுக் கோட்டை ஒட்டித் தடித்த ஒட்டுநாடாவைப் பதித்து, அதன் விளிம்போடு கூர்முனைக் கருவியை இழுக்க வேண்டும். முதல் சில இழுப்புகளில் அழுத்தமே கூடாது. பாதை அமைந்த பின்பே ஆழம். பிறகு உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் மேடும் பிசிறும் போய்விடும். இணைப்பில் உள்ள இடுக்கைச் சாதாரண புட்டியால் நிரப்பினால், கீறும்போது உதிரும்; சூப்பர் க்ளூ உதிராது. ஆனால் நாளாக ஆகப் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும் என்பதால், காய்ந்தவுடனே தேய்த்துக் கீறிவிட வேண்டும். கடைசியில் சாம்பல் நிற பிரைமர் அடித்தால் விடுபட்ட கீறல்களெல்லாம் தெரிந்துவிடும்.

கை பழகியதும் எல்லா இடத்திலும் கோடு போடும் ஆசை வரும். அங்கேதான் நிஜ விமானத்தைக் கேட்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால பி-51 மஸ்டாங் இறக்கையின் முன்பகுதியில், காற்று வழுக்கிச் செல்வதற்காக, இணைப்புகளையும் ரிவெட்களையும் தொழிற்சாலையிலேயே புட்டியால் நிரப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்தார்கள். அங்கே கோடுகளை அடைப்பதுதான் நுணுக்கம். ஹாக்கர் ஹரிக்கேனின் பின்னுடல் துணி போர்த்தியது. உலோகத் தகட்டின் ரிவெட் வரிசைக்கு அங்கே இடமில்லை.

கருவியை எடுக்கும் முன் அந்த விமானத்தின் புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். எங்கே கீறுவது, எங்கே அடைப்பது என்று அவை சொல்லும்.