சாவியை யாரிடம் கொடுப்பது?

வக்கீல்கள் புழங்கும் வார்த்தைகளில் 'எஸ்க்ரோ' என்று ஒன்று உண்டு. காதில் விழும்போது ஏதோ ஒரு பறவையின் பெயர் போல இருக்கிறது. விஷயம் எளியது. ஒருவர் விற்கிறார், ஒருவர் வாங்குகிறார். பணம் கைக்கு வராமல் பத்திரத்தைக் கொடுக்க விற்பவருக்குப் பயம். பத்திரம் கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்க வாங்குபவருக்குப் பயம். இரண்டு பயமும் நியாயமானவைதான். ஆனால் இருவரும் இப்படியே முகத்தை முகம் பார்த்துக்கொண்டு நின்றால், பொழுது விடிந்து பொழுது போகுமே தவிர வியாபாரம் நடக்காது. ஆகவே மூன்றாவதாக ஒருவரைத் தேடுகிறார்கள். பத்திரத்தை அவரிடம் ஒப்படைத்து, இன்ன தேதிக்குள் இவ்வளவு பணம் வந்தால் வாங்குபவரிடம் கொடுப்பது, வராவிட்டால் விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பது என்று எழுதி வைக்கிறார்கள். அவ்வளவுதான் எஸ்க்ரோ.

சொல் சீமையிலிருந்து வந்தது. வழக்கம் நமக்குப் புதிதல்ல. மனுஸ்மிருதி வகுத்திருக்கும் 18 வழக்குத் தலைப்புகளில் இரண்டாவது, பிறரிடம் ஒப்படைத்து வைத்த பொருளைப் பற்றியது. 'நிக்ஷேபம்' என்று அதற்குப் பெயர். அடைக்கலப் பொருள் என்று தமிழில் சொன்னோம். 'அமானத்து' என்ற வார்த்தையும் நம் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டது. தெருவில் பந்தயம் கட்டும் பையன்களைப் பாருங்கள். இரண்டு பேர் காசையும் மூன்றாவது பையன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டத்தை ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பையன் ஓடுவதில்லை. ஓடாமலிருப்பதுதான் அவனுடைய யோக்கியதை.

இருந்தாலும் பெரியவர்களான நமக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. உறவுக்குள்ளோ சிநேகிதத்துக்குள்ளோ கொடுக்கல் வாங்கல் வரும்போது, "நடுவில் ஒருவரிடம் கொடுத்து வைப்போமே" என்று சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் முகம் வாடிவிடும். "என்ன, என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்பார். அந்தக் கேள்விக்கு நல்லவன் எவனும் "இல்லை" என்று பதில் சொல்லத் துணிய மாட்டான். நம்பிக்கை உள்ள இடத்தில் பத்திரமும் நடுவரும் எதற்கு, அவை வந்துவிட்டாலே நம்பிக்கை செத்துவிட்டதென்று அர்த்தமில்லையா என்பது வாதம். கேட்க அழகான வாதம்தான். எனக்கு அதில் சம்மதமில்லை. காரணம் சொல்ல வெகுதூரம் போக வேண்டாம். திருச்சிராப்பள்ளிக் கடைத்தெருவில் நின்று மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தால் போதும்.

1751-ல் இந்த ஊருக்குள் முகம்மது அலி முற்றுகையில் அகப்பட்டுக் கிடந்தார். தகப்பனார் அன்வருத்தீன் 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் மாண்டுவிட்டார். ஆர்க்காட்டு நவாப் பட்டம் யாருக்கு என்பது தகராறு. எதிரே நின்றவர் சந்தா சாகிப். அவருக்குப் பின்பலம் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள். முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை இருந்தது, போதவில்லை. மைசூருக்குத் தூது விட்டார். அங்கே ராஜா பெயருக்கு இருந்தார். அதிகாரமெல்லாம் நஞ்சராஜர் கையில் இருந்தது. தம்மைக் காப்பாற்றினால் திருச்சிராப்பள்ளிக் கோட்டையையும் அதைச் சேர்ந்த சீமையையும் மைசூருக்கே கொடுத்துவிடுவதாக முகம்மது அலி வாக்களித்தார். ரகசியமாகக் கொடுத்த வாக்கு. கூடவே இருந்த ஆங்கிலேயருக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

நஞ்சராஜர் சேனையோடு வந்தார். குத்தி முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையையும் சம்பளம் பேசி அழைத்து வந்தார். தஞ்சாவூரிலிருந்தும் படை வந்தது. 1752 ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகம்மது அலி பிழைத்தார். நஞ்சராஜர் கோட்டையைக் கேட்டார்.

அந்தக் காலத்துச் சண்டைகளை விரிவாக எழுதி வைத்த ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயர், நவாப் சொன்ன சமாதானங்களையும் குறித்திருக்கிறார். நெருக்கடியில் கொடுத்த வாக்கு என்பது ஒன்று. தாம் டில்லி பாதுஷாவின் பிரதிநிதிதானே, ஊரைத் தூக்கிக் கொடுக்கத் தமக்கு ஏது உரிமை என்பது இன்னொன்று. பாதுஷாவின் ஞாபகம் முற்றுகைக் காலத்தில் அவருக்கு வரவில்லை. பேச்சு வார்த்தைக்கு முராரி ராவே மத்தியஸ்தர். கடைசியில், இரண்டு மாதத்தில் கோட்டையை ஒப்படைப்பது, அதுவரை ஸ்ரீரங்கம் தீவை நஞ்சராஜர் வைத்துக்கொள்வது, மைசூர்ச் சிப்பாய்கள் 700 பேரைக் கோட்டைக்குள் இருக்க விடுவது என்று ஏற்பாடாயிற்று.

இரண்டு மாதம் வந்தது, போயிற்று. கோட்டை கைமாறவில்லை. உள்ளே இருந்த ஆட்களைக் கொண்டும் லஞ்சத்தைக் கொண்டும் கோட்டையைப் பிடித்துவிட நஞ்சராஜர் சூழ்ச்சி செய்தார். உள்ளே காவலிருந்த ஆங்கிலேயர் விழித்துக்கொண்டார்கள். 700 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். நண்பராக வந்த நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டு அதே ஊரை முற்றுகையிட்டார். 1753-ல் பொன்மலையைச் சுற்றிச் சண்டை. 1754-லும் சண்டை. 1755-ல் அவர் வெறுங்கையோடு மைசூருக்குத் திரும்பினார். அவருடைய சேனையில் ஹைதர் அலி என்ற ஒரு வீரர் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். இடையில் வயலும் வரப்பும் மிதிபட்டது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. வாக்குக் கொடுத்தவர் அந்த வயல்காரர் அல்லர், வாங்கியவரும் அல்லர்.

முகம்மது அலி பொய்யர் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். நான் அவ்வளவு சுலபமாக நகர விரும்பவில்லை. வாக்குக் கொடுத்த அந்த இரவில் அவர் உண்மையாகவே கொடுக்க நினைத்திருக்கலாம். மூழ்குகிறவனுக்குத் தலைக்கு மேல் உள்ள தண்ணீரைத் தவிர வேறு சொத்து இல்லை. எதை வேண்டுமானாலும் கொடுப்பான். கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்ட பிறகு, அங்கே நிற்பவன் வேறு மனிதன். முற்றுகையில் இருந்த முகம்மது அலியும் ஜயித்த முகம்மது அலியும் ஒரே பெயரைச் சுமந்த இரண்டு பேர். முன்னவர் எழுதிய கடனைப் பின்னவர் ஒப்புக்கொள்ளவில்லை.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் செய்யும் சங்கல்பம் ஒன்று. குணமாகி வந்து பில்லைப் பார்த்தபின் எழும் யோசனை ஒன்று. பெண்ணைப் பெற்றவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை ஒன்று. தாலி ஏறிய மறுநாள் அதற்குக் கிடைக்கும் வியாக்கியானம் ஒன்று. இன்றைய நான் கொடுக்கும் வாக்கை நாளைய நான் அல்லவா நிறைவேற்ற வேண்டும்? அந்த ஆசாமியை நான் இன்னும் சந்திக்கவே இல்லை. அவனுக்காக ஜாமீன் நிற்க எனக்கு எவ்வளவு துணிச்சல்!

பழைய ஆங்கிலச் சட்டம் இந்த இடத்தைத்தான் கெட்டியாகப் பிடித்தது. நடுவரிடம் ஒப்படைத்த பத்திரத்தை, நிபந்தனைக்குரிய காலம் முடியும் முன் எழுதிக் கொடுத்தவர் மனம் மாறித் திரும்பப் பெற முடியாது. இடையில் அவர் இறந்தே போனாலும், நிபந்தனை நிறைவேறியதும் பத்திரம் செல்லும். முதலில் ஒப்படைத்த நாளிலேயே கொடுத்ததாகச் சட்டம் பாவித்துக்கொள்ளும். மனிதன் போய்விட்டான்; அவன் நல்ல மனத்தோடு இருந்த நாள் மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது! இன்னொரு விதியும் உண்டு. பத்திரத்தை நேரே வாங்குபவர் கையிலேயே கொடுத்து, வாயால் ஆயிரம் நிபந்தனை சொன்னாலும் செல்லாது. கொடுத்தது கொடுத்ததுதான். மூன்றாம் மனிதரிடமே கொடுக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தையும் 700 சிப்பாய்களுக்கு இடத்தையும் நேரே நஞ்சராஜர் கையில் கொடுத்தார்களே, அதனால் விளைந்ததைப் பார்த்தோம்.

ஆகவே நடுவரைத் தேடுவது எதிராளியை அவமதிப்பதாகாது. "நான் இன்று சொல்வது நாளைக்கும் நிற்க வேண்டும், என்னை நானே காவலில் வைக்கிறேன்" என்று முதலில் சொல்ல வேண்டியவன் வாக்குக் கொடுப்பவன்தான். "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவனைவிட அப்படிச் சொல்பவனிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஆனால் கஷ்டமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. 1752-ல் அந்தக் கோட்டைச் சாவியை இரண்டு மாதம் யாரிடம் கொடுத்து வைத்திருக்க முடியும்? ஆங்கிலேயரிடமா? அவர்கள் நவாபின் கூட்டாளிகள். பிரெஞ்சுக்காரரிடமா? கேட்கவே வேண்டாம். மத்தியஸ்தர் முராரி ராவிடமா? அவருக்கே அந்தக் கோட்டையின் மேல் உள்ளூர ஒரு கண் இருந்தது என்று ஓர்ம் எழுதுகிறார். ஆசையில்லாத ஒருவரைத் தேடினால் காவிரியின் இரு கரையிலும் ஆள் அகப்படவில்லை. சேனைகள் இருந்தன, பீரங்கிகள் இருந்தன, கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. சாவியை வாங்கிச் சும்மா வைத்துக்கொண்டிருக்க ஒரு மனிதர் இல்லை.

அப்படிப்பட்ட ஒருவரை நான் ஸ்ரீரங்கத்தில் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். உத்திர வீதியில் ஒரு பழைய வீடு விலையாயிற்று. முன்பணம் கைமாறிவிட்டது, பாக்கி இரண்டு மாதத்தில் வர வேண்டும். தாய்ப்பத்திரத்தையும் கொல்லைப்புறத்துச் சாவியையும் இரு தரப்பாரும் அவரிடம் கொடுத்து வைத்தார்கள். நடுவில் கிணற்றுப் பாத்தியதை பற்றி மனஸ்தாபம் வந்தது. விற்றவர் பிள்ளை ஒரு நாள் வந்து, "மாமா, அந்தப் பத்திரத்தை ஒரு மணி நேரம் குடுங்கோ, ஜெராக்ஸ் எடுத்துண்டு வந்துடறேன்" என்றான். வாங்கினவர் மனைவி மறுநாள் வந்து, "சாவியை மட்டும் தாங்கோ மாமா, உள்ளே பெருக்கிக் கோலம் போட்டுட்டுத் தரேன்" என்றாள். இரண்டும் சின்ன விஷயம்தான். அவர் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "அது என் ஆத்துல இருக்கு, என்கிட்ட இல்லை."

அவருக்கு அதில் காலணா லாபமில்லை. இரண்டு மாதமும் இரு வீட்டாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை. பாக்கி வந்து கிரயம் முடிந்தது. அப்புறமும் விற்ற வீட்டார் அவரோடு ஒட்டவில்லை என்று கேள்வி.

இந்த இடத்தில் எனக்கு மாதரியின் நினைவு வருகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் அரங்கத்தைக் கடந்து, உறையூர் வழியாகத்தான் மதுரைக்கு நடந்தார்கள். கூட வந்த கவுந்தியடிகள், மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை ஆய்ச்சி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். கூலி இல்லை, கையெழுத்து இல்லை. கோவலன் கொலையுண்டு, கண்ணகியும் கையைவிட்டுப் போன பின், அடைக்கலத்தைக் காக்கவில்லையே என்று அந்த இடைச்சி தீயில் விழுந்து உயிரை விட்டாள். அவள் செய்த பிழை எதுவுமில்லை. வாங்கிக்கொண்டேன், காக்க முடியவில்லை என்ற ஒன்றே அவளுக்குப் போதுமாயிருந்தது.

மாதரிகளை நம்பி ஒரு நாடு வியாபாரம் செய்ய முடியாது. தெருவுக்கு ஒரு வாத்தியாரும் கிடைக்க மாட்டார். ஆகையால் ஆசையில்லாத மனிதருக்குப் பதிலாக ஆசையில்லாத ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். இணையத்தில் சாமான் வாங்கக் கட்டும் பணத்தை இடையிலிருந்து வசூலிக்கும் நிறுவனம், அதை வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-ல் விதித்தது. 2016-ல் வந்த வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், அடுக்குமாடி வீட்டுக்காக ஜனங்கள் கட்டும் பணத்தில் 70 சதவிகிதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்கிறது. கட்டடம் எவ்வளவு எழும்பியதோ அந்த அளவுக்குத்தான் எடுக்கலாம். அதற்கும் இன்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று தர வேண்டும். இது அசல் எஸ்க்ரோ அல்ல, அதன் தம்பி என்று சொல்லலாம். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிவிட்டுப் பாதியில் நிற்கும் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இந்தத் தம்பியின் அருமை தெரியும்.

வங்கிக்கு ஆசையும் இல்லை, இரக்கமும் இல்லை. காகிதத்தில் எழுதிய நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கும்; கொடுக்கும். அது போதும், பணத்துக்கு. ஆனால் நாம் பிறரிடம் கொடுத்து வைப்பது பணம் மட்டும்தானா? சாகும் தறுவாயில் ஒருவர் தம் குழந்தையைக் காட்டி "பார்த்துக்கொள்" என்கிறார். ஒரு சிநேகிதி தன் ரகசியத்தைச் சொல்லி வைக்கிறாள். இதற்கெல்லாம் கணக்குத் திறக்கும் வங்கி எங்கே இருக்கிறது?

ஒரு ஊரின் செல்வம் எவ்வளவு என்று அளக்க நெல்லையும் பொன்னையும் கணக்கெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், ராத்திரி வேளையில் கதவைத் தட்டி, "இதைக் கொஞ்சம் வைத்திருங்கள்" என்று கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகக்கூடிய வீடுகள் அந்த ஊரில் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பேன். 1752-ல் மலைக்கோட்டையைச் சுற்றி அப்படி ஒரு வீடுகூட இல்லாமல் போயிற்று. நம் தெருவில் எத்தனை இருக்கின்றன என்பது, நம் வீடு அதில் ஒன்றா என்பதைப் பொறுத்தது.