நோயாளியின் தலைமாட்டில் தண்ணீர்



பெப்ருவரி 11ந் தேதி லூர்து மாதா திருநாள். 1993ம் ஆண்டு முதல் திருச்சபை அதே நாளை உலக நோயாளர் தினமாகவும் கொண்டாடி வருகிறது. 1858ம் ஆண்டு தேவமாதா அர்ச். பெர்நதெத்தம்மாளுக்குக் காட்சி கொடுத்தபோது, ஊற்றில் குடிக்கவும் கழுவவும் கட்டளையிட்டார்கள். சிறுமி கெபியின் மண்ணைக் கையால் தோண்டினாள். முதலில் சேற்று நீர் வந்தது, பிறகு தெளிந்தது. குடிக்க நீர், கழுவ நீர் ஆகிய இவ்விரண்டுமே இன்றும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் முதல் தேவை.

தாகமாயிருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும், வியாதிக்காரரைச் சந்திப்பதும் இரக்கத்தின் கிரியைகளென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் இவ்விரண்டு கிரியைகளும் ஒன்றாய்ச் சேருகின்றன. நாமோ ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நம் உறவினரைப் பார்த்துத் திரும்புகிறோம். பக்கத்துக் கட்டிலில் துணையின்றிக் கிடக்கும் கிழவருக்கு மாத்திரை விழுங்கத் தண்ணீர் உண்டா என்று பார்க்கிறோமா?

தண்ணீர் வைத்தியத்துக்குப் புறம்பானதல்ல. பேதியால் வாடும் குழந்தைக்குரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். நீர் அசுத்தமானால் மருந்தோடு நோயையும் சேர்த்தே ஊட்டுகிறோம். சிறுநீரகம் பழுதானவருக்கு ஒருமுறை டயாலிசிஸ் செய்ய, சுத்திகரித்த நீர் ஏறத்தாழ 120 லிட்டர் செலவாகிறது. 1847ல் வியன்னா நகர ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவம் பார்க்குமுன் குளோரின் கரைசலில் கைகழுவ வேண்டுமென்று விதித்தார். தாய்மார்களின் சாவு வெகுவாய்க் குறைந்தது.

நீரின் அருமையை நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019ம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. ஜூலை 12ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர், ஆவடி, அம்பத்தூர் வழியாய் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்நாட்களில் நாம் குடத்தோடு லாரியின் பின்னால் ஓடினோம். கட்டிலில் கிடப்பவர் எங்கே ஓடுவார்? அவ்வாண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெபும், உலகிலுள்ள வைத்திய நிலையங்களில் நான்கில் ஒன்றுக்கு அடிப்படைத் தண்ணீர் வசதியில்லையென அறிவித்தன.

இது சர்க்கார் பொறுப்பல்லவா என்பீர்கள். சர்க்கார் பொறுப்புத்தான். ஆகவே, நோயாளிக்குத் தண்ணீர் கிடைப்பது யாரோ இடும் பிச்சையல்ல. அது அவருக்குரிய நீதி. அவரால் எழுந்து கேட்க முடியாதபோது, அவருக்காகக் கேட்பது நம் கடமை. தர்மம் செய்வோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "உபயம்" என்று பெயர் பொறித்துக் குடிநீர் இயந்திரம் வாங்கி வைக்கிறோம். வடிகட்டி மாற்றுவாரின்றி அது சில மாதங்களில் பழுதாகி நிற்கிறது. பெயர் மட்டும் பளபளக்கிறது. புதிய இயந்திரம் கொடுப்பதைக் காட்டிலும், பழையதைப் பழுதுபார்த்து ஓடவைப்பது பெரிய புண்ணியம்.

ஆதலால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வின்சென்ட் தே பவுல் சபையாரும், மரியாயின் சேனையாரும், குடும்பத்தாரும் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். குழாயில் நீர் வருகிறதா, தொட்டி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். குறையிருந்தால் சண்டையிடாமல், அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, மறுவாரமும் போய்க் கேளுங்கள். துணையற்ற நோயாளிக்குக் காய்ச்சி ஆறிய நீர் கொண்டு போங்கள். ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் நீர் அளவோடுதான் தர வேண்டியிருக்கும். நர்ஸம்மாவைக் கேட்ட பிறகே கொடுங்கள்.

நமதாண்டவர் சிலுவையில் தாகமென்றபோது அவருக்குக் காடியைத்தான் நீட்டினார்கள். சிறியோருக்குச் செய்வது தமக்கே செய்ததென்று திருவுளம்பற்றிய அவர், இன்று நம் ஊர் ஆஸ்பத்திரி வார்டுகளில் தாகத்தோடு காத்திருக்கிறார். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், ஒரு கூஜாத் தண்ணீரோடு அவரைப் பார்த்து வருவோமாக. லூர்து மாதாவே, நோயாளிகளின் ஆரோக்கியமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக் குரு